பரங்கிக்காய்: ஒரே அடுப்பில் நோயாளிக்கும் குடும்பத்துக்கும்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவோர் கையில் மருந்துச் சீட்டோடு ஓர் உணவுத் தாளும் இருக்கும். சர்க்கரையைக் குறைக்க வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும், பொட்டாசியம் மிகக் கூடாது, மென்மையான உணவே தர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். தாள் நோயாளிக்கு ஒன்று. வீட்டில் இருக்கும் அடுப்பும் ஒன்றே. அந்த அடுப்பில் பிள்ளைகளுக்கும் சமைக்க வேண்டும், வயலுக்கோ சுரங்க வேலைக்கோ செல்பவருக்கும் சமைக்க வேண்டும். நாளடைவில் பராமரிப்பவர் களைத்துவிடுகிறார். ஒன்று, நோயாளிக்கு நாள்தோறும் சுவையற்ற ஒரே கஞ்சி கிடைக்கிறது. அல்லது, எல்லோரும் உண்பதையே நோயாளியும் உண்கிறார். இரண்டும் நன்றன்று.

இவ்விடரை நீக்க ஒரு காயை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்மாதப் பாடத்தை அமைத்துள்ளோம். அக்காய் பரங்கிக்காய். ‘இனிப்புக் காய், சர்க்கரை நோய்க்கு ஆகாது’ என்று சிலர் இதை அறவே ஒதுக்குகின்றனர். ‘காய்தானே, என்ன செய்யும்’ என்று சிறுநீரக நோயாளிக்கு அளவின்றித் தருவோரும் உளர். ஒரு காய் நல்லதா கெட்டதா என்பதைக் காய் மட்டும் முடிவு செய்வதில்லை. எவ்வளவு உண்கிறோம், எதனோடு சேர்த்துச் சமைக்கிறோம், எந்த முறையில் வேகவைக்கிறோம் என்னும் மூன்றுமே முடிவு செய்கின்றன. இம்மூன்றையும் அறிந்தால் ஒரே பரங்கிக்காயை வீட்டார் அனைவருக்கும் ஏற்றவாறு சமைக்கலாம்.

நம் வட்டாரத்துக் காய்

கம்மாபுரம், விருத்தாசலம் பகுதிகளில் பரங்கிக்காய் என்றால் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறச் சதையுடைய காயையே குறிப்போம். பிற மாவட்டத்தார் இதை மஞ்சள் பூசணி என்றும் சர்க்கரைப் பூசணி என்றும் கூறுவர். கொங்கு நாட்டில் அரசாணிக்காய் என்பர். மேற்பரப்பில் வெண்சாம்பல் படிந்த, உள்ளே வெண்மையான சதையுடைய வெண்பூசணி வேறு காய். உணவுத் தாளில் ‘பூசணி’ என்று மட்டும் இருந்தால் எந்தப் பூசணி என்று கேட்டுத் தெளிக. இரண்டின் சத்துகளும் ஒன்றல்ல.

பரங்கியின் பூர்விகம் அமெரிக்கக் கண்டம். பரங்கியர் என்று நம் முன்னோர் அழைத்த ஐரோப்பியர் வழியாக வந்தமையால் இப்பெயர் அமைந்தது என்பர். இன்று அது முழுமையாக நம்முடையதாகிவிட்டது. எருக்குழி ஓரத்தில் முளைத்த கொடி கூரைமேல் ஏறிக் காய்ப்பதைக் காண்கிறோம். மார்கழியில் அதன் பூ வாசற்கோலத்தில் இடம்பெறுகிறது; தைப்பொங்கல் நாளில் அதன் காய் குழம்பிலும் கூட்டிலும் சேர்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1 என்னும் வகையின் காய் 7 முதல் 8 கிலோ வரை எடையிருக்கும். கோ 2 வகையின் காய் 1½ முதல் 2 கிலோ வரையே இருக்கும். சிறு குடும்பத்துக்குச் சிறிய காயே ஏற்றது; வெட்டிய காயை நாள் கணக்கில் வைத்திருக்க நேராது.

காயினுள் என்ன இருக்கிறது?

தோலும் விதையும் நீக்கிய 100 கிராம் பச்சைப் பரங்கிச் சதையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீரே. எஞ்சியதில் ஏறத்தாழ 26 கலோரி ஆற்றலும் 6 முதல் 7 கிராம் மாவுச்சத்தும் உள்ளன. ஒரு டம்ளர் நிறைய நறுக்கிய துண்டுகள் ஏறத்தாழ 100 கிராம் இருக்கும். ஒப்பிட்டுப் பார்ப்போம். அதே எடையுள்ள உருளைக்கிழங்கில் 17 கிராம் அளவுக்கும், வடித்த சோற்றில் 28 கிராம் அளவுக்கும் மாவுச்சத்து உள்ளது. நாவுக்கு இனிப்பாகத் தோன்றும் பரங்கியில் சோற்றில் உள்ளதில் கால் பங்கு மாவுச்சத்தே இருக்கிறது.

சோடியம் இதில் மிகக் குறைவு. ஆகவே இரத்த அழுத்தம் உள்ளவருக்கும் இதய நோயாளிக்கும் காயினால் தொல்லையில்லை. நாம் சேர்க்கும் உப்பினால்தான் தொல்லை. பொட்டாசியம் 100 கிராமில் 340 மில்லிகிராம் அளவில் உள்ளது. நலமான சிறுநீரகம் இதை எளிதில் வெளியேற்றும். பழுதுற்ற சிறுநீரகத்தால் இயலாது. இதனைப் பின்னர் விரிவாகக் காண்போம்.

சதையின் மஞ்சள் நிறத்துக்குக் காரணம் பீட்டா கரோட்டின். உடல் இதனை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. இவ்வைட்டமின் குறைந்தால் மாலைக்கண் வரும்; கண்ணின் மேற்பரப்பு வறண்டு போகும். பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது. அதனால் பரங்கியை எண்ணெய் அறவே இல்லாமல் வேகவைத்து உண்பதைவிட, ஓரிரு தேக்கரண்டி எண்ணெயில் தாளித்து உண்பதே பயன் தரும்.

வாங்கும்போது

முற்றிய காயின் தோல் கடினமாக இருக்கும். நகத்தால் அழுத்தினால் பதியாது. காம்பு காய்ந்து தக்கைபோல் இருக்கும். காம்பு ஒடிந்து விழுந்த இடத்தின் வழியே அழுகல் உள்ளே செல்லும். ஆதலால் காம்புடன் கூடிய காயைத் தேர்ந்தெடுங்கள். அடிப்பகுதியை விரலால் அழுத்திப் பாருங்கள். மென்மையாக இருந்தால் விட்டுவிடுங்கள். முற்றிய முழுக்காயைத் தரையில் படாமல், வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்தால் இரண்டு மாதம் வரை கெடாது.

சந்தையில் பத்தையாக வெட்டி விற்பதை வாங்க நேர்ந்தால், காலையில் வெட்டி அடுக்கியதை வாங்காமல் உங்கள் கண்ணெதிரே வெட்டித் தரச் சொல்லுங்கள். ஈ மொய்த்த பத்தை வேண்டாம். புற்றுநோய்க்கு மருந்தேற்றிக் கொள்பவர், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர் ஆகியோருக்கு நோய் எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கும். அவர்களுக்கு முழுக்காயே நல்லது. தோலும் விதையும் நீக்கி 500 கிராம் சதை கிடைக்க ஏறத்தாழ 700 கிராம் பத்தை வாங்க வேண்டும்.

கழுவுதலும் நறுக்குதலும்

தோலைச் சீவத்தானே போகிறோம் என்று பலர் கழுவாமல் வெட்டுகின்றனர். தோலில் ஒட்டிய மண்ணையும் கிருமியையும் கத்தி சதைக்குள் கொண்டு செல்லும். ஆகவே முதலில் முழுக்காயை ஓடும் நீரில் கையால் தேய்த்துக் கழுவித் துடையுங்கள். சோப்பு வேண்டாம்.

முற்றிய பரங்கி உருளும். அதன் தோல் கத்தியை வழுக்கச் செய்யும். இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்பவர், சர்க்கரை நோயால் கைகால்களில் உணர்ச்சி குறைந்தவர், பார்வை மங்கியவர் ஆகியோர் இக்காயை வெட்ட வேண்டாம். வீட்டில் உள்ள மற்றொருவர் வெட்டித் தரட்டும். வெட்டுபவர் பலகையின் அடியில் ஈரத்துணி விரித்துக்கொண்டால் பலகை நகராது. காம்பைத் தவிர்த்து அதன் பக்கத்தில் கத்தியை இறக்கிக் காயை இரண்டாகப் பிளந்து, வெட்டிய தட்டைப் பக்கம் கீழே இருக்குமாறு வைத்துப் பத்தைகளாக்குங்கள். தட்டைப் பக்கம் கீழிருந்தால் காய் உருளாது. அரிவாள்மனையைப் பயன்படுத்துவோர் பெரிய காயை அப்படியே அதில் அழுத்த வேண்டாம். கத்தியால் பிளந்து சிறிதாக்கிய பிறகே அரிவாள்மனைக்குக் கொண்டு வாருங்கள்.

கரண்டியால் விதையையும் நாரையும் வழித்தெடுங்கள். தோலைச் சீவுங்கள். துண்டுகள் ஒரே அளவில், ஏறத்தாழ ஓர் அங்குலம் இருக்கட்டும். அப்போதுதான் எல்லாம் ஒருசேர வேகும். இக்காயின் சாறு சிலர் கையில் படலமாக ஒட்டித் தோலை இறுக்கும். வெட்டுமுன் கையில் சிறிது எண்ணெய் தடவிக்கொண்டால் இது நேராது.

கசந்தால் எறிந்துவிடுங்கள்

இப்பாடத்தில் ஒரு வரியை மட்டும் நினைவில் கொள்ள முடியும் என்றால் அது இதுவாகட்டும். நறுக்கிய துண்டில் மிகச் சிறிதளவை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்து உடனே துப்பிவிடுங்கள். கசந்தால் காய் முழுவதையும் எறிந்துவிடுங்கள்.

பரங்கி, சுரை, வெள்ளரி முதலிய காய்களில் குக்கர்பிட்டசின் என்னும் கசப்பு நஞ்சு சில வேளைகளில் மிகுந்துவிடும். தானே முளைத்த கொடியிலும், தரமறியாத விதையிலிருந்து வளர்ந்த கொடியிலும் இவ்வாறு நேரக்கூடும். வேகவைத்தாலும் அது முற்றிலும் அழியாது. வெல்லமும் காரமும் அதை மறைக்குமேயன்றி நீக்கா. உண்டால் கடும் வயிற்றுவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டாகும். இரத்த வாந்தியும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் நேரலாம். இதற்கு மாற்று மருந்து இல்லை. உடலைத் தாங்கிப் பிடிக்கும் சிகிச்சை மட்டுமே உண்டு. கசப்பான சுரைக்காய்ச் சாறு குடித்து மக்கள் பாதிக்கப்பட்டதையடுத்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வல்லுநர் குழு அமைத்து ஆராய்ந்தது. கசந்தால் குடிக்கவே கூடாது என்பதே அக்குழுவின் அறிவுரை. கசந்த காயை உண்டபின் வாந்தி தொடங்கினால் காத்திராமல் 108 ஐ அழையுங்கள். என்ன உண்டார் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நாக்கில் சுவை உணரும் ஆற்றல் நோயாலும் மருந்தாலும் குறைந்திருக்கலாம். ஆதலால் இச்சோதனையை நோயாளி செய்ய வேண்டாம். நலமாக உள்ள பெரியவர் ஒருவர் செய்யட்டும்.

அடிப்படைச் சமையல்: பரங்கிக்காய்ப் பாசிப்பருப்புக் கூட்டு

இது நால்வருக்கான அளவு.

- தோல் நீக்கிய பரங்கித் துண்டுகள் 500 கிராம்
- பாசிப்பருப்பு 75 கிராம் (ஏறத்தாழ அரை டம்ளர்)
- மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி
- தேங்காய்த் துருவல் 2 மேசைக்கரண்டி
- சீரகம் 1 தேக்கரண்டி
- பச்சை மிளகாய் 2
- உப்பு முக்கால் தேக்கரண்டி
- எண்ணெய் 2 தேக்கரண்டி
- கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளிக்கத் தேவையான அளவு

பாசிப்பருப்பைக் கழுவி, மஞ்சள்தூள் சேர்த்து, பருப்பு மூழ்கி இரண்டு அங்குலம் மேலே நிற்கும் அளவு நீரில் வேகவையுங்கள். பருப்பு முக்கால் பதம் வெந்ததும் பரங்கித் துண்டுகளைச் சேருங்கள். புதிதாக நீர் விட வேண்டா. காயே நீர் விடும். மூடிவைத்து மிதமான தீயில் 8 முதல் 10 நிமிடம் வேகவிடுங்கள். கத்தி நுனி தடையின்றி உள்ளே சென்றால் வெந்துவிட்டது என்று பொருள். பரங்கியைக் குக்கரில் பருப்போடு சேர்த்து வேகவைத்தால் கரைந்து கூழாகிவிடும்.

பங்கு பிரிக்க வேண்டிய இடம் இதுவே. காயும் பருப்பும் வெந்துள்ளன. உப்பு, மிளகாய், தேங்காய் எதுவும் இன்னும் சேரவில்லை. இந்நிலையில் நோயாளியின் பங்கைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துவிடுங்கள். பிறகு தேங்காய், சீரகம், மிளகாய் மூன்றையும் அரைத்து உப்புடன் பானையில் சேர்த்து ஒரு கொதி விடுங்கள். தாளித்து இறக்குங்கள். நோயாளியின் கிண்ணத்துக்கு அவருக்கேற்ற அளவில் உப்பும் சீரகத்தூளும் சேர்த்து, அதே தாளிப்பில் ஒரு கரண்டி ஊற்றுங்கள். அடுப்பும் பானையும் ஒன்றே. தட்டுகள் மட்டும் வேறு. தனிச் சமையல் என்னும் சுமை இல்லை.

நோய்க்கேற்ற மாற்றங்கள்

*சர்க்கரை நோய் உள்ளவர்.* மேற்கண்ட கூட்டில் கால் பங்கில், பருப்பையும் சேர்த்து, ஏறத்தாழ 20 கிராம் மாவுச்சத்து இருக்கும். இதனை உண்ணும் வேளையில் சோற்றை ஒரு பிடி குறைத்துக்கொள்ளுங்கள். பரங்கி சர்க்கரையை விரைவாக ஏற்றும் என்று படித்திருப்பீர்கள். விரைவு உண்மை, ஆயினும் அதில் உள்ள மாவுச்சத்தின் அளவு குறைவாதலால், அளவோடும் பருப்போடும் உண்ணும்போது ஏற்றம் மிகுதியாவதில்லை. தீங்கு செய்வது பரங்கியோடு நாம் சேர்க்கும் வெல்லமே. ஒரு மேசைக்கரண்டி வெல்லத்தில் உள்ள சர்க்கரை, 125 கிராம் பரங்கியில் உள்ள மொத்த மாவுச்சத்தைவிட அதிகம். பாலும் வெல்லமும் சேர்த்த பரங்கிப் பால்கூட்டையும் பரங்கி அல்வாவையும் தவிர்த்துவிடுங்கள். சாறாகவும் பிழிய வேண்டாம். மேலும், பரங்கி சர்க்கரை நோய்க்கு மருந்தன்று. அதை உண்கிறோம் என்று மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்தாதீர்கள்.

*இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவர்.* ஒருவர் ஒரு நாளில் உண்ணும் மொத்த உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. இது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் உள்ள உப்பும் இக்கணக்கில் சேரும். உங்கள் பங்குக் கூட்டில் ஒரு சிட்டிகை உப்புப் போதும். எலுமிச்சைச் சாறு சில துளிகள், மிளகுத்தூள், வறுத்த சீரகத்தூள் ஆகியன குறையை நிறைவு செய்யும். இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் உப்பே, அதற்கு விலக்கில்லை. தேங்காயை ஒரு தேக்கரண்டியாகக் குறையுங்கள்.

*சிறுநீரக நோய் உள்ளவர்.* இப்பகுதியை மிகுந்த கவனத்துடன் படியுங்கள். இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடவும் கூடும். பெரும்பாலும் முன்னறிகுறி இராது. ஆகவே உங்களுக்குப் பரங்கி ஆகுமா, எவ்வளவு ஆகும் என்பதை அண்மைய இரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவரோ உணவியலாளரோ கூற வேண்டும். அவர் ஒப்பினால் மட்டும் பின்வரும் முறையைக் கையாளுங்கள்.

தோல் நீக்கிய காயை அரை அங்குலத்துக்கும் சிறிய துண்டுகளாக நறுக்குங்கள். காயைப்போல் பத்து மடங்கு வெதுவெதுப்பான நீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிக் கழுவுங்கள். பிறகு ஐந்து மடங்கு புதுநீரில் நன்றாகக் கொதிக்கவைத்து, வெந்ததும் நீரை முழுவதும் வடித்துக் கொட்டுங்கள். ஊறவைப்பதைவிடக் கொதிக்கவைத்து வடிப்பதே பொட்டாசியத்தை மிகுதியாக நீக்கும். நேரமில்லையெனில் வடிப்பதை மட்டுமாவது விடாதீர்கள். வடித்த துண்டுகளை ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய் தாளித்துப் புரட்டி எடுங்கள். புளியும் தேங்காயும் பொட்டாசியம் உடையவை, சேர்க்க வேண்டாம். வடித்த நீரை இரசத்துக்கோ குழம்புக்கோ எடுத்தால் செய்த வேலை அனைத்தும் வீணாகும். கடைகளில் ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பனவற்றில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் உப்பு கலந்திருக்கும். சிறுநீரக நோயாளியின் வீட்டில் அவ்வுப்பு இருக்கவே கூடாது. திடீரென்று கைகால் தளர்ச்சியோ படபடப்போ தோன்றினால் அடுத்த டயாலிசிஸ் நாள் வரை பொறுக்காமல் உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

*விழுங்க இடர்ப்படுவோர்.* பக்கவாதத்துக்குப் பின் சாம்பார் கொடுக்கும்போது புரையேறுவதைப் பலர் கண்டிருப்பீர்கள். நீர்த்த குழம்பு ஒரு விரைவில் தொண்டையில் இறங்கும். காய்த்துண்டு வேறொரு விரைவில் இறங்கும். இரண்டையும் ஒருசேர ஆளத் தளர்ந்த தொண்டையால் இயலாது. அவர்களுக்கு ஒரே சீரான குழைவு வேண்டும். பச்சரிசி 2 மேசைக்கரண்டி, பாசிப்பருப்பு 1 மேசைக்கரண்டி, பரங்கித் துண்டுகள் 100 கிராம் ஆகியவற்றை இரண்டரை டம்ளர் நீரில் குக்கரில் குழைய வேகவையுங்கள். மசித்து, நார் தங்குமாறு சல்லடையில் வடிகட்டி, ஒரு தேக்கரண்டி நெய்யும் சிட்டிகை உப்பும் சேருங்கள். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் கரண்டியில் ஒட்டாமல் ஒரே கட்டியாக விழ வேண்டும். நீர்போல் ஒழுகினால் மீண்டும் அடுப்பில் வைத்துச் சுண்டச் செய்யுங்கள். நோயாளியை நேராக உட்காரவைத்துச் சிறு கரண்டியால் ஊட்டுங்கள். முன்வாய் விழுங்கிய பின்னரே அடுத்த வாய். உண்டபின் அரை மணி நேரம் படுக்கவிடாதீர்கள். எந்தக் குழைவு ஏற்றது என்பதைச் சிகிச்சையாளரிடம் கேட்டு அதையே பின்பற்றுங்கள்.

*இரத்தம் உறையாமைக்கு வார்ஃபரின் உண்பவர்.* பரங்கிச் சதையை வழக்கமான அளவில் உண்ணத் தடையில்லை. பரங்கிக் கொழுந்தும் இலையும் கீரை இனம். வைட்டமின் கே உடையவை. அவற்றைத் திடீரென்று மிகுதியாக உண்டாலும் அறவே நிறுத்தினாலும் மருந்தின் அளவு பிறழும். உண்பதாயின் வாரந்தோறும் ஒரே அளவில் உண்ணுங்கள்.

*குழந்தைகள்.* ஆறு மாதம் நிறைந்து இணை உணவு தொடங்கும் குழந்தைக்கு, வேகவைத்து மசித்த பரங்கி நல்ல தொடக்கம். தாய்ப்பாலோடு சேர்த்து ஒரு தேக்கரண்டியில் தொடங்குங்கள். ஓராண்டு நிறையும்வரை உப்பும் சர்க்கரையும் வேண்டாம்.

மீந்ததை வைக்கும் முறை

நம் பகுதியின் வெயிலில் சமைத்த கூட்டு விரைவில் கெடும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்க வேண்டாம். கோடையில் ஒரு மணி நேரமே எல்லை. குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் ஒரு வேளைக்கு மட்டும் சமையுங்கள். குளிர்ப்பெட்டியில் வைத்ததை மறுநாளுக்குள், ஆவி பறக்கக் கொதிக்கவைத்து உண்ணுங்கள். ஒரு முறைக்கு மேல் சூடாக்க வேண்டாம். மின்சாரம் நெடுநேரம் நின்றிருந்தால் மணத்தை நம்பாமல் கொட்டிவிடுங்கள். வெட்டிய பச்சைப் பத்தையை விதை நீக்கி, மூடிய பாத்திரத்தில் குளிர்ப்பெட்டியில் மூன்று நாள் வரை வைக்கலாம்.

விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். நம் வீடுகளில் பீங்கான் கிண்ணமும் ஜாடியும் இல்லாமல் இரா. உணவுக்கென்றே செய்த பீங்கான் பாத்திரம், கூட்டை வைக்க நல்லது. அழகுக்காக வண்ணம் தீட்டிய பாண்டங்களில் உணவை, குறிப்பாகப் புளி சேர்ந்த உணவை, வைக்காதீர்கள். சில வண்ணப் பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும். மெருகு விரிசல் கண்ட பாத்திரமும் வேண்டாம். விரிசலில் அழுக்கும் கிருமியும் தங்கும்.

நீங்கள் கேட்பவை

*நாள்தோறும் பரங்கி உண்டதில் உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது. மஞ்சள் காமாலையா?*
கரோட்டின் மிகுந்தால் உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாகும். கண்ணின் வெண்பகுதி வெண்மையாகவே இருக்கும். குறைத்தால் சில வாரங்களில் மாறிவிடும். கண்ணும் மஞ்சளாகி, சிறுநீரும் அடர்நிறமாக இருந்தால் அது வேறு; உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

*விதையை உண்ணலாமா?*
கழுவி உலர்த்தி வறுத்து, ஓடு நீக்கி ஒரு மேசைக்கரண்டி உண்ணலாம். புரதமும் நல்ல கொழுப்பும் உடையது. பாஸ்பரசும் பொட்டாசியமும் மிகுதியாதலால் சிறுநீரக நோயாளிக்கு ஆகாது. சிறு குழந்தைக்கும் விழுங்க இடர்ப்படுவோருக்கும் தொண்டையில் சிக்கும், தராதீர்கள்.

*பிஞ்சுக் காய் நல்லதா, முற்றிய காய் நல்லதா?*
பிஞ்சில் இனிப்புக் குறைவு, தோலோடு சமைக்கலாம். முற்றியதில் கரோட்டின் மிகுதி. வீட்டில் எளிதாகக் கிடைப்பதை வாங்குங்கள்; அளவை மட்டும் கவனியுங்கள்.

*பொங்கல் நாளிலாவது வெல்லம் சேர்த்த பரங்கியைத் தரலாமா?*
சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர் இரண்டு தேக்கரண்டி சுவைத்து, அன்று சோற்றையும் சர்க்கரைப் பொங்கலையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம். கட்டுக்குள் இல்லாதவர் மருத்துவரைக் கேட்ட பின்னரே சுவைக்க வேண்டும்.

இவ்வாரம் செய்து பாருங்கள்

ஒரு நாள் இக்கூட்டைச் சமைத்து, உப்புச் சேர்க்குமுன் பங்கைப் பிரித்துப் பாருங்கள். எவ்வளவு உண்டார், எப்படி இருந்தது என்பதை உணவுத் தாளின் பின்புறம் எழுதி வையுங்கள். சர்க்கரை அளவியுள்ளவர் உண்ணுமுன்னும் உண்ட இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அத்தாளை அடுத்த முறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது கொண்டு வாருங்கள். அதைப் பார்த்தபின் உங்களுக்கேற்ற அளவை நாங்கள் பொதுவாகச் சொல்லாமல் துல்லியமாகச் சொல்ல முடியும். இதே முறையில் சுரைக்கும் பீர்க்குக்கும் அவரைக்கும் பங்கு பிரிக்கலாம். நோயாளி தனித் தட்டில் உண்டாலும், வீட்டாரோடு ஒரே பந்தியில் அமர்ந்து ஒரே காயை உண்ணட்டும்.